ஷிரகாவா-கோ வாடா வீடு: மாடியில் ஒரு புழு மனை

ஜப்பானின் கிஃபு மாகாணத்தில், ஷிரகாவா-கோவின் ஓகிமாச்சி ஊரிலிருக்கும் வாடா வீட்டுக்குப் போகிறவர்களில் பலர் அதன் புல் கூரையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அப்படித் திரும்பக் கூடாது. கீழே குடும்பம், மாடியில் புழு என்று பிழைத்த வீடு அது. ஊர்த் தலைமையும், வெடிமருந்துக்கான வெடியுப்பு வியாபாரமும் பார்த்த குடும்பம். இன்றும் ஒரு பகுதியில் ஆள் குடியிருப்பதால் எல்லா அறைக்கும் போக முடியாது.

தரைத்தளத்தில் விருந்தினர் கூடம், சாமி மாடம், பழைய பாத்திர பண்டம். பத்து நிமிடம் போதும். நேரத்தை மாடிக்கு வையுங்கள். படி செங்குத்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவதால் காலுறையோடு ஏற வேண்டும், வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போது திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கினால் நல்லது.

மேலே போனதும் அண்ணாந்து பாருங்கள். ஏறத்தாழ 60 பாகைச் சரிவுள்ள கூரைச் சட்டத்தில் ஆணியே இல்லை. வைக்கோல் கயிறும், முறுக்கிய இளமரக் கொம்பும்தான் கட்டு. கூரைக்கால்களின் அடிமுனையைக் கூராக்கி, உத்திரத்துக் குழியில் நிறுத்தியிருக்கிறார்கள். காற்றும் பனிச்சுமையும் அழுத்தும்போது முறியாமல் சற்று அசைந்து கொடுக்க அந்த ஏற்பாடு. கீழ்க் கணப்பின் புகை ஏறி ஏறிக் கயிறு கறுத்திருக்கும். பூச்சி அண்டாமல் காப்பது அந்தக் கரிதான். கணப்பு அணைந்த வீட்டில் கூரை சீக்கிரம் கெட்டுப்போவதும் அதனால்தான்.

நாம் வெயிலுக்கு ஒதுங்கப் புழு மனையைக் கிழமேலாகக் கட்டுகிறோம். அங்கே முகடு தென்வடலாக ஓடும்: இரண்டு சரிவிலும் வெயில் விழுந்து பனி உருக வேண்டும், புல் காய வேண்டும். இரு முக்கோண முகப்புகளிலும் ஜன்னல் இருப்பதால் பள்ளத்தாக்குக் காற்று மாடியை ஊடுருவிப் போகும். நம்மைப்போலவே அவர்களுக்கும் தலைவலி காற்றோட்டமும் சூடும்தான்; முதிர்புழுவுக்கு 24–25 பாகை செல்சியஸ் வேண்டும், அந்தக் குளிரிலோ அது லேசில் கிடைக்காது. இந்த வகை வீடுகளில் மாடித்தரையை இடைவெளி விட்டுப் பரப்பியதே கீழ்ச்சூடு மேலேறத்தான். புழுக்கழிவும் வீணாகவில்லை: மண், புல்லோடு தரைக்கடியில் குழியிலிட்டு, ஆண்டுக்கணக்கில் மக்கவிட்டு வெடியுப்பு எடுத்தார்கள். நாம் அந்தக் கழிவை மல்பெரித் தோட்டத்துக்கு உரமாகப் போடுவதோடு சரி.

குறை ஒன்று சொல்ல வேண்டும். தட்டு, கூடை, நூற்புக் கருவி எல்லாம் கண்காட்சியில் இருந்தாலும், புழுவின் எந்தப் பருவத்தில் எது பயன்பட்டது என்ற விளக்கம் போதாது. மேல்மாடிகளையும் ஏறிப் பார்க்க விரும்பினால் அதே ஊரின் கான்டா வீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம்.

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு விமான நிலையம்தான் வசதி. டோக்கியோ போய், புல்லட் ரயிலில் கனசாவா. அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். சில பஸ்களுக்கு முன்பதிவு கட்டாயம். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை சுற்றுலாக் கூட்டம் நெரியும், காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள். சைவர்கள் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போகவும். காய்கறிச் சாறிலும் மீன் வடிநீர் கலந்திருக்கும்.