பால்வாடியா, தனியார் எல்.கே.ஜி.யா?

தமிழ்நாட்டில் மூன்று வயதுப் பிள்ளையைப் பணம் கட்டாமல் சேர்க்க மூன்று வழிகள் உண்டு: அங்கன்வாடி, தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கும் 25 சதவீத இலவச இடம், அரசுப் பள்ளி வளாகத்து எல்.கே.ஜி.

சாப்பாடு என்று பார்த்தால் அங்கன்வாடிக்குப் போட்டியே இல்லை. மதியம் சூடான சோறு, வாரம் மூன்று முட்டை, எடை பார்த்துக் குறித்து வைப்பது எல்லாம் ஒரே இடத்தில். தனியார் பள்ளியில் நாம் கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸ்தான். சரி, படிப்பு? அங்கேதான் இடிக்கிறது. பால்வாடி டீச்சர் ஒருவரேதான் பாட்டும் கதையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், செல்போன் செயலியிலும் பதிவேற்ற வேண்டும். ஆயா சமையலில் இருப்பார். கதை பாதியில் நின்றால் டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தனியாரில் பிரச்சினை வேறு. நான்கு கோடு நோட்டில் பக்கம் முழுக்க ‘ஏ’ எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலை இன்னும் முஷ்டியால் பிடிக்கிற கைக்கு அது தண்டனை. கூத்து என்னவென்றால், நோட்டு நிறைந்தால்தான் படிப்பு என்று நாமே நம்புகிறோம்!

இலவச இடமும் எல்லோருக்கும் எட்டாது. நலிந்த பிரிவில் கேட்க ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கி இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீடு பள்ளிக்குப் பக்கத்தில், ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. கூட்டம் அதிகமானால் குலுக்கல். தனியார் பள்ளியே இல்லாத கிராமத்துக்கு இதில் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, 2025இல் ஒன்றிய அரசின் நிதி வராத தகராறில் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது.

என் ஓட்டு மூன்றாவது வழியான அரசுப் பள்ளி வளாகத்து எல்.கே.ஜி.க்குத்தான். நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். முட்டையும் சோறும் அப்படியே. கூடவே பாடம் நடத்தத் தனி ஆசிரியர். 2022இல் அந்த ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புகளுக்குத் திருப்பி அனுப்பியபோது எதிர்ப்பு கிளம்பியது. அப்புறம் வகுப்புகள் தொடரும் என்றார்கள்; அவற்றை நடத்த எடுக்கும் சிறப்பாசிரியர்களுக்கு மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்தச் சம்பளத்தில் நல்ல ஆசிரியர் எத்தனை வருடம் தங்குவார்? அதனால் சேர்க்கும் முன் போர்டை மட்டும் நம்பாமல், இந்த வருடம் எல்.கே.ஜி.க்குத் தனி டீச்சர் இருக்கிறாரா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.