புது பேட், புது டிஸ்க்: ஓட ஓடத்தான் தெரியும்

பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் உராய்வுக் கட்டை) மாற்றிய அன்று எல்லா பிராண்டும் நன்றாகத்தான் பிடிக்கும். வித்தியாசம் தெரிய ஐந்தாறாயிரம் கிலோமீட்டராவது ஓட வேண்டும். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா, ஒரு பேட் மட்டும் வேகமாகத் தேய்கிறதா, மழைக்குப் பிறகு கீச்சிடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வரும் ஸ்விஃப்ட், டியாகோ, ஐ10 வகைக் கார்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நெடுநாள் ஓட்டத்தில் பார்த்தவரை, பேட்டின் பெயரைவிட, பேட்டை அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்னும், டிஸ்க் உட்காரும் ஹப் முகமும்தான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பில்லில் இவை இரண்டும் வருவதே இல்லை.

புது பேட்டில் உராயும் பகுதி மட்டும் சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வந்ததும் அடுத்த செட்டை வாங்கி வைத்துவிடலாம், 2 மி.மீட்டருக்குக் கீழே ஓட்டுவது வீண் வம்பு. பல பேட்களில் தகடோடு ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். உராயும் பகுதி குறைந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிடும். அந்தச் சத்தம் வரும் வரை காத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அது இருப்பது பெரும்பாலும் உள்பக்க பேட்டில்தான். ஸ்லைடு பின் இறுகி வெளிப்பக்க பேட் முதலில் தீர்ந்தால் எச்சரிக்கையே வராது. ரிம் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பதும் பாதி வேலைதான், வெளிப் பேட் மட்டுமே தெரியும். டயர் ரொட்டேஷனுக்குச் சக்கரம் கழற்றும்போது நான்கு பேட்டையும் பார்த்துவிடுவது நல்லது.

நகர நெரிசலில் முன் பேட் 25,000 முதல் 50,000 கி.மீ. வரை போகும். டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் சிக்னலில் நகரத் துடிக்கும் வண்டியைப் பிரேக்கால்தான் பிடித்து வைக்கிறோம், அதனால் கொஞ்சம் சீக்கிரமே தீரும். டிஸ்க் பொதுவாக இரண்டு, மூன்று செட் பேட்டைப் பார்த்துவிடும்.

டிஸ்க்கை மாற்ற வேண்டுமா என்பதைக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது. அதன் விளிம்பிலோ நடுக் குமிழிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். காற்றுத்துளை உள்ள முன் டிஸ்க்கில் பெரும்பாலும் புது அளவைவிட 2 மி.மீ. அளவுக்குக் குறைவு. வெர்னியர் அளவுகோலை அப்படியே வைத்தால் தேயாத ஓர விளிம்பில் உட்கார்ந்து பொய் அளவு காட்டும். ஒரே மாதிரி இரண்டு காசுகளை இருபுறமும் வைத்து, அவற்றின் மேல் அளந்து, காசுகளின் தடிமனைக் கழித்தால் சரியான அளவு கிடைக்கும். ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் ஆறு முதல் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் 0.02 மி.மீ. வேறுபட்டாலே சில கார்களில் மிதியில் துடிப்பு தெரியும், அந்த நுணுக்கம் வெர்னியரில் சிக்காது.

லேத்தில் கொடுத்து டிஸ்க்கைச் சமன் செய்வது பற்றி: கனம் போதுமான அளவு இருந்து, இயந்திரம் நன்றாக இருந்தால் சரிதான். ஆனால் கடைந்த பிறகு எல்லையிலிருந்து அரை மி.மீ. மேலே மட்டுமே நிற்கும் டிஸ்க், அடுத்த பேட் செட் முடிவதற்குள் எல்லையைத் தொட்டுவிடும். சின்னக் கார் டிஸ்க்குக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கணிப்பு. மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அவசர பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வாங்க வேண்டியவை: நான்கு பேட் கொண்ட முன் செட், டிஸ்க் இரண்டு, பேட் நிற்கும் ஸ்டீல் கிளிப்புகள், ஸ்லைடு பின்னுக்கான ரப்பர் பூட்கள், பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு, சீல் உடைக்காத பிரேக் ஆயில் அரை லிட்டர். ஆயிலை முழுதாக மாற்றுவதென்றால் ஒரு லிட்டர். கிளிப் பழசே போதும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். கிளிப்பின் அடியில் துரு ஏறி அதைத் தூக்கிவிட்டால் புது பேட்டின் காது (தகட்டின் முனை நீட்டல்) அதில் இறுகி நிற்கும், பிரேக் விட்ட பிறகும் பேட் விலகாது.

பிராண்டைப் பொறுத்தவரை, கம்பெனியின் ஒரிஜினல் பேட்டும், அதே கம்பெனிக்கு வண்டி உதிரிகள் தரும் நிறுவனத்தின் பேட்டும் நெடுநாளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, ரானே, பாஷ் எல்லாம் சென்னையின் உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் எளிதாகக் கிடைக்கும். போலி நடமாட்டமும் அங்கேயே இருப்பதால் பில்லோடு, அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குவதே உத்தமம். இரும்புத்தூள் கலந்த செமி மெட்டாலிக் பேட் சூட்டைத் தாங்கும்; ஆனால் ரிம்மைக் கறுப்பாக்கும், காலையில் கொஞ்சம் முனகும். செராமிக் பேட்டில் ரிம் சுத்தமாக இருக்கும், விலை கூடுதல். மலைப்பாதை அதிகம் இல்லாத வண்டிக்கு ஒரிஜினலில் வரும் கலவையே போதும்.

இனி வேலை. சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, நட்டுகளைத் தரையிலேயே கொஞ்சம் தளர்த்திவிட்டு ஜாக்கி ஏற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்தே தீர வேண்டும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போவது நல்லது. சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள கழற்றாத பக்கம் ஒன்று இருக்கும். காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கினால் உள் அடுக்கு கிழிந்து, பின்னாளில் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். தூளைக் காற்றழுத்தத்தில் ஊதவே கூடாது, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.

பழைய பேட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நோய் என்ன என்பது அதில் எழுதியிருக்கும். ஒரே சக்கரத்தின் உள்பேட் 2 மி.மீ., வெளிப்பேட் 6 மி.மீ. என்றால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் திரும்பிப் போகவில்லை. ஒரே பேட்டின் மேல்முனையும் கீழ்முனையும் சரிவாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் ஓடுகிறது. இடது, வலது என்று சக்கரங்களுக்குள் வித்தியாசம் என்றால் ஹோஸையோ பிஸ்டனையோ சந்தேகப்பட வேண்டும். இதைப் பார்க்காமல் புது பேட் போட்டால் அதே கதை பாதித் தூரத்திலேயே திரும்ப வரும்.

டிஸ்க் கழலாமல் அடம்பிடித்தால் சுத்தியலை எடுக்காதீர்கள், அந்த அடி வீல் பேரிங்குக்குத்தான் போகும். மாருதி போன்ற பல கார்களில் டிஸ்க்கின் முகத்தில் 8 மி.மீ. மரை உள்ள இரண்டு துளைகள் இருக்கும். அதில் போல்ட் இரண்டைப் போட்டு மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்கினால் டிஸ்க் தானாகப் பிரிந்து வரும்.

அடுத்து வருவதுதான் எல்லோரும் தாண்டிப்போகும் இடம். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில், ஸ்டட்களை (வீல் நட்டு ஏறும் போல்ட்கள்) சுற்றி பழுப்பாக ஒரு துருப் படலம் மேடு தட்டியிருக்கும். கைக்குத் தட்டையாகவே தெரியும். நகத்தை ஓட்டினால் ஸ்டட்டின் அடியில் தட்டும். அந்த மேடு டிஸ்க்கின் விளிம்பில் பெருகித் தெரியும். வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்க்க வேண்டும். புது டிஸ்க்கில் தடவியிருக்கும் துருத்தடுப்பு எண்ணெயை இருபுறமும் பிரேக் கிளீனரால் கழுவி, நட்டுகளால் இறுக்கி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். 0.05 மி.மீ. வரை ஆட்டம் என்றால் நிம்மதி. 0.1 தாண்டினால் ஹப்பை மறுபடி சுத்தம் செய்யுங்கள். பூட்டு ஸ்க்ரூ இல்லாத டிஸ்க் என்றால் ஒரு ஸ்டட் தள்ளி மாட்டிப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு பாடு? ஆட்டமுள்ள டிஸ்க் அன்றைக்கு ஒன்றும் செய்யாது. பிரேக் மிதிக்காமல் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டை லேசாகத் தொட்டுக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்து தடிமன் மாறிவிடும், ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும். அதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடுவதால், டிஸ்க் வளைந்துவிட்டது, கம்பெனி சரியில்லை என்று பேச்சு வரும். உண்மையில் வளைந்த டிஸ்க் அரிது.

ஸ்லைடு பின்னுக்கும் அதே மரியாதை கொடுங்கள். இழுத்தால் பழைய கிரீஸ் உலர்ந்து மெழுகுபோல் சுற்றி வரும். பின்னையும் அது போகும் துளையையும் சொட்டு மிச்சமில்லாமல் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். துளைக்குள் அள்ளி அடைத்தால் காற்று சிக்கி, பின் உள்ளே போகாமல் திருப்பித் தள்ளும். சேஸிஸ் கிரீஸ், இன்ஜின் ஆயில், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் கூடாது: பிரேக் ரப்பர் மினரல் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பல கார்களில் வேறு வேறு. ஒன்றின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும். மாற்றிப் போட்டால் இறுகும்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் ரிசர்வாயர் மட்டத்தைப் பாருங்கள். நடுவில் யாராவது ஆயில் நிரப்பியிருந்தால் பொங்கி வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திறந்து, குழாய் மாட்டி, பழைய ஆயிலை வெளியே விட்டபடி தள்ளுவது பாதுகாப்பு. காலிப்பரில் தேங்கிய அழுக்கு ஏபிஎஸ்ஸின் வால்வுப் பெட்டியான மாடுலேட்டருக்குத் திரும்பிப் போகாது. பின் சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் ஹேண்ட்பிரேக்கோடு இணைந்த பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடில் போடுங்கள், அதைச் செய்யாமல் கிளாம்ப் போட்டு அழுத்தினால் மோட்டார் போய்விடும்.

பேட்டின் காதுகளிலும் முதுகிலும் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் துளி போதும். இரும்பு நாக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும் முன்பே படம் எடுத்து வையுங்கள். சிறு கார்களில் காலிப்பர் பின் போல்ட் பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட் 80 முதல் 110, வீல் நட்டு 85 முதல் 110 என்ற அளவில் இருக்கும். உங்கள் வண்டியின் எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏர் கன் வைத்து நட்டை அடித்து விடுவதும் டிஸ்க் நடுக்கத்துக்கு ஒரு காரணம். எல்லாம் முடிந்ததும் இன்ஜின் போடும் முன் மிதி கெட்டியாகும் வரை அமுக்குங்கள். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தவர்கள் முதல் மிதியில் பிரேக்கே இல்லாமல் சுவரில் முட்டியிருக்கிறார்கள்.

பேடும் டிஸ்க்கும் பழகிக்கொள்ள வேண்டும். காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, இடையே அரை கிலோமீட்டர் ஆறவிட்டு, எட்டு பத்து முறை செய்யுங்கள். முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் தன் அச்சை டிஸ்க்கில் பதித்துவிடும். அதன்பின் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற்றவும். முதல் 300 கி.மீ. முரட்டு பிரேக் வேண்டாம்.

ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் முகம் ஒரே சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். நீலப் புள்ளிகள் தெரிந்தால் அதிகச் சூடு. ஐயாயிரத்தில் வண்டியை ஓட்டி வந்து ரிம் அருகே கை காட்டுங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் ஸ்லைடு பின் இறுகுகிறது. பத்தாயிரத்தில் உள், வெளிப் பேட் வித்தியாசம் ஒரு மி.மீட்டருக்குள் இருந்தால் செய்த வேலை சுத்தம்.

மழை இரவுக்குப் பிறகு டிஸ்க் முகம் ஆரஞ்சாகத் தெரிவதும், முதல் இரண்டு மூன்று மிதியில் கரகரப்பதும் வார்ப்பிரும்பின் இயல்பு. கடற்கரையோரம் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்குத்தான் ஆபத்து. ஓரத்திலிருந்து துரு உள்நோக்கி அரித்து வந்து பேட் படும் அகலத்தைக் குறைத்துவிடும். அப்படி ஆனால் தடிமன் மிச்சமிருந்தாலும் டிஸ்க் போனதுதான்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளானாலும், கொல்லிமலையின் 70 ஆனாலும், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். காலை லேசாகப் பிரேக்கில் வைத்தபடியே இறங்கினால் நல்ல பேட்டும் கருகி நாறும். அதைவிட மோசம் ஆயில். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். காலிப்பருக்குள் ஆவி உண்டானால் மிதி தரைவரை போகும், முன் அறிவிப்பே இருக்காது. ஆகவே பேட் புதிது என்ற தைரியத்தில் ஆயிலை விட்டுவிடாமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 மட்டும் சிலிக்கான் வகை, இதனோடு சேராது.

பின் டிரம்மில் ஷூ தளர்ந்து கிடந்தாலும் முன் பேட்தான் வேகமாகத் தீரும். ஹேண்ட்பிரேக் வழக்கத்தைவிடக் கூடுதல் கிளிக் மேலே வருகிறதா பாருங்கள். வந்தால் கேபிளை இழுத்துக் கட்டும் முன் டிரம்மைத் திறந்து தானியங்கி அட்ஜஸ்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். கேபிளை மட்டும் இறுக்கினால் அந்த அட்ஜஸ்டர் பிறகு வேலையே செய்யாது.