திருச்சியில் குடியேறுகிறீர்களா? எந்தப் பாலத்தைத் தினமும் கடக்கணும் என்று முதலில் பாருங்கள்

'சென்னை மாதிரி நெரிசல் இல்லை, கோவை மாதிரி செலவு இல்லை' என்றுதான் திருச்சியைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டுமே பாதி உண்மை. ஊர் பெரிதில்லை. ஆனால் காவிரி, கொள்ளிடம், உய்யக்கொண்டான் வாய்க்கால், கோரையாறு, போதாக்குறைக்கு எந்தத் திசையில் போனாலும் குறுக்கே வரும் ரயில் பாதை, எல்லாம் சேர்ந்து ஊரைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. வீடும் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் ஒரே துண்டுக்குள் அமைந்துவிட்டால் இதுபோல நிம்மதியான ஊர் கிடையாது. நடுவில் இரண்டு பாலம் வந்தால் பத்து கிலோமீட்டர் தூரமே ஆளைச் சோர்வாக்கிவிடும்.

சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவே உள்ள காவிரிப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் கட்டியது. 2022 கடைசியில் பழுதுபார்க்க மூடினார்கள். அதன்பின் சில மாதங்களுக்கு ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பைபாஸைச் சுற்றித்தான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டியிருந்தது. ரயில்வே ஜங்ஷன் பக்கம் அரிஸ்டோ மேம்பால வேலையை 2014-ல் தொடங்கினார்கள், முதலில் பாதிதான் திறந்தார்கள். ராணுவ நிலம் கைக்கு வராததால் மிச்சமிருந்த பகுதி 2023-ல்தான் திறந்தது. இங்கே பாலத்தில் வேலை தொடங்கினால் 'மூன்று மாதம்' என்ற பேச்சை நம்பி வீடு பிடிக்காதீர்கள்.

கிழக்கே தஞ்சாவூர் சாலையில் இருக்கும் பிரச்சினை வேறு. பால்பண்ணை முதல் துவாக்குடி வரை 14.5 கிலோமீட்டர். அணுகுசாலை கேட்டு அந்தப் பகுதி மக்கள் பல வருஷமாகப் போராடுகிறார்கள். காட்டூரிலோ திருவெறும்பூரிலோ கடைக்குப் போக வேண்டுமென்றாலும் ஸ்கூட்டரை நெடுஞ்சாலையில்தான் இறக்க வேண்டும். யூ-டர்ன் தூரம் என்பதால் எதிர்த் திசையில் ஓரமாக வருகிற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது; விபத்துக்கும் அதுதான் பெரிய காரணம். பெல் (BHEL) ஆலை, என்.ஐ.டி., துவாக்குடி தொழிற்பேட்டை என்று வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் வசதிதான். ஆனால் வீட்டிலிருந்து பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் சாலையைக் கடக்க வேண்டுமா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

தில்லை நகர் நேர்கோட்டில் போட்ட குறுக்குத் தெருக்கள். டாக்டர், மருந்துக்கடை, வங்கி எல்லாம் நடந்து போகிற தூரம். அதற்கு விலை வாடகையிலும் தெரியும், பார்க்கிங்கிலும் தெரியும். கார் வைத்திருப்பவர்கள் உள்ளே நிறுத்த இடம் இல்லாத வீட்டை எடுக்கவே வேண்டாம், மாலை ஆறு மணிக்கு மேல் கிளினிக்குக்கு வந்தவரின் கார் உங்கள் கேட்டை அடைத்து நிற்கும். கே.கே. நகர் அமைதி. விமான நிலையம் பக்கம், அதனால் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற பெரியவர்களுக்குப் பிடிக்கிறது. வயலூர் சாலையில் அடுக்குமாடிகள் ஏறிக்கொண்டே போகின்றன, சாலை மட்டும் ஏறவில்லை. அரியமங்கலத்தில் குப்பைக் கிடங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்காமல் மனை வாங்குகிறவர்களை என்ன சொல்வது!

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகள் முன்பக்கம் குறுகி உள்ளே நீண்டவை. பகலிலும் நடு அறையில் விளக்கு போட வேண்டியிருக்கும். வைகுண்ட ஏகாதசி நாட்களிலும் தேர் அன்றும் வண்டியை வீட்டு வாசல் வரை கொண்டுவருவது சந்தேகம். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் சாலையே கூட்டம். உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், ஆம்புலன்ஸ் எந்தத் தெரு வழியாக வரும் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோயில் வாழ்க்கை வேண்டும் என்பவர்களுக்கு இதெல்லாம் குறையாகவே தெரியாது, அது தனி.

தண்ணீர் விஷயத்தில் திருச்சிக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. மாநகராட்சிக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர். ஆனால் பல வாடகை வீடுகளில் அது சமையலறைக் குழாய்க்கு மட்டும்; குளிக்க, துவைக்க போர் தண்ணீர்தான். ஆற்றை விட்டுத் தள்ளிப் போகப் போக போர் தண்ணீர் உப்புக் கூடும். வீடு பார்க்கும்போது ஷவரைத் திருகிப் பாருங்கள்: ஓட்டைகளில் வெள்ளைப் பொருக்கு கட்டி நீர் கோணலாகப் பீய்ச்சினால், கீசர் காயில் சீக்கிரம் போகும், வாஷிங் மெஷினும் தாங்காது. தொட்டியின் அளவையும் கேளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் கணக்கு. நான்கு பேருக்கு 540. ஆயிரம் லிட்டர் தொட்டியை இரண்டு குடும்பம் பங்கு போட்டால் ஒரு நாளைக்கே இழுத்துப் பிடிக்கும்.

வெயிலைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி சாதாரணம். மேல்மாடி, மேற்கு பார்த்த படுக்கையறை இரண்டும் சேர்ந்தால் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் கைக்குச் சுடும். வாடகையில் மிச்சம் பிடித்ததை ஏசி தின்றுவிடும்.

ஊருக்கு அடிக்கடி போய்வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2025 ஜூலை முதல் வெளியூர் பஸ்களில் பெரும்பகுதி பஞ்சப்பூருக்குப் போய்விட்டது. நிலையம் விசாலம், ஆனால் அது மதுரைச் சாலையில். எடமலைப்பட்டிபுதூர்க்காரர்களுக்கு யோகம், ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் ஆட்களுக்கு முழு ஊரையும் தாண்டும் டவுன் பஸ் பயணம் கூடுதல். துறையூர், முசிறி பக்கம் போக சத்திரம்தான். சென்னைக்கு ரயில் பஞ்சமில்லை, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை எழும்பூர்.

வேலைதான் பெரிய ஓட்டை. படிக்க ஜமால், ஜோசப், ஹீபர் கல்லூரிகள் தொடங்கி ஐ.ஐ.எம். வரை இருக்கிறது, படித்து முடித்தவனுக்கு ஐ.டி. வேலை நவல்பட்டு பூங்காவைத் தாண்டினால் அதிகமில்லை. ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெரும்பாலும் பெல் ஆர்டரை நம்பி எழுந்தவை; அங்கே ஆர்டர் குறைந்தால் இங்கே ஷிஃப்ட் குறையும். கையில் வேலையோ பென்ஷனோ வீட்டிலிருந்தே செய்யும் தொழிலோ இருப்பவர்கள் தைரியமாக வரலாம். வந்து தேடிக்கொள்ளலாம் என்பவர்கள் யோசிக்க வேண்டும்.

அட்வான்ஸ் பேசும்போது ஒன்று: ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2017-ம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். அதனால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கரண்டுக்கு சப் மீட்டர் என்றால் யூனிட் விலையையும் அதிலேயே எழுத வையுங்கள்.

கோரையாறு, குடமுருட்டி ஓரமாகத் தாழ்வான பகுதியில் வீடு பார்த்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நடை போங்கள். வெயில் காலத்தில்தான் போக முடியும் என்றால் வீட்டின் புதுப் பெயின்டைப் பார்க்காதீர்கள், பக்கத்து மனையின் பூசாத காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்றிருந்தால் முழங்கால் உயரத்தில் செங்கல்லில் ஒரு கறுத்த கோடு நேராக ஓடும்.