கொங்கண் ஹோம்ஸ்டே மோசடி: முழு அட்வான்ஸ் அனுப்பிவிடாதீர்கள்

மும்பைத் தமிழர்கள் கவனத்துக்கு. கூட்டமில்லாத கடற்கரையாக வேண்டும் என்று செம்பூர்க் குடும்பம் ஒன்று, மால்வணுக்குத் தெற்கே கார்லி ஆற்றைத் தாண்டி இருக்கும் போக்வேயில் ஹோம்ஸ்டே பார்த்தது. கூகுள் மேப்பில் இருந்த நம்பரில் பேசி, இரண்டு ராத்திரிக்கு 9,000 ரூபாயை அப்படியே ஜிபேயில் அனுப்பியாயிற்று. கொங்கண்கன்யா ரயிலில் குடாள் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனால் வீடு இருக்கிறது, தென்னந்தோப்பு இருக்கிறது, புக்கிங்தான் இல்லை. வீட்டுக்காரருக்கு விஷயமே தெரியாது, பாவம்.

மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். சொந்தக்காரர் கவனிக்காமல் விட்ட இடமாகப் பார்த்து ஃபோன் நம்பரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். படமும் ரிவ்யூவும் நிஜம் என்பதால் சந்தேகமே வராது. முதல் பணம் போனதும் ‘ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 5,000, உடனே திரும்பிவிடும்’ என்று அடுத்த தூண்டில் வரும். பிறகு ‘ரீஃபண்டுக்கு இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்பார்கள். பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் (PIN) தேவையே இல்லை. பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம்.

நிஜ வீட்டுக்காரரைக் கண்டுபிடிப்பது சுலபம். எத்தனை பேர் மீன் சாப்பிடுவீர்கள் என்று அவரே கேட்பார். காலையில் வாங்கி வைக்க வேண்டுமே! எஸ்டி எனும் அரசு பஸ்ஸில் எந்த ஸ்டாப்பில் இறங்குவது, அங்கிருந்து எப்படி வருவது என்று கேளுங்கள். போலி ஆள் ‘லொகேஷன் அனுப்புறேன்’ என்று நழுவுவான். வீடியோ காலில் வாசலையும் கிணற்றையும் காட்டச் சொல்லுங்கள். முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் வரும் பெயர் வீட்டுக்காரர் பெயர்தானா என்று பாருங்கள். கால்வாசி, மிஞ்சினால் பாதி அட்வான்ஸ் போதும்.

வாடகை ஸ்கூட்டியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் வாடகை வண்டி. வெள்ளை பிளேட் வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கலாம். சாவி வாங்கும்போதே கீறல்களைச் சுற்றிலும் வீடியோ எடுங்கள். ஒரிஜினல் ஆதாரை மட்டும் அடகு வைக்காதீர்கள்.

பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு ஃபோன் அடித்து, பரிவர்த்தனையின் யுடிஆர் (UTR) எனும் அடையாள எண்ணைச் சொல்லுங்கள். நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் என்பதால் வங்கி தானாகத் திருப்பித் தராது. எதிராளி எடுப்பதற்குள் அவன் கணக்கில் மிச்சம் இருப்பதைத்தான் முடக்க முடியும். அந்தப் பக்கத்து ஊர்களில் சிக்னல் அடிக்கடி போகும். குடாளிலேயே ஏடிஎம்மில் பணம் எடுத்துக்கொண்டு, அட்வான்ஸ் வாங்கியவருக்கும் அங்கிருந்தே ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள்.