இரட்டை அலைவரிசை ஜி.பி.எஸ்ஸா, செம்புத் தாளா? மலைநாட்டில் பறக்கும் சிறு விமானத்துக்கு எது சரிப்படும்

தேயிலை மலைகளைப் படமெடுக்கும் சிறகு ட்ரோனில் ஜி.பி.எஸ். தடுமாற ஆரம்பித்தால் இரண்டு வழிதான் உண்டு. பழைய ஒற்றை அலைவரிசை ரிசீவரைக் கழற்றிவிட்டு, இரண்டு அலைவரிசையைக் கேட்கும் புதியதை வாங்கிப் போடலாம். இல்லையென்றால் இருக்கிற ரிசீவரையே வைத்துக்கொண்டு, விமானத்துக்குள் எழும் ரேடியோ இரைச்சலைச் செம்புத் தாள் ஒட்டி அடக்கலாம். இலங்கையின் ஹட்டன் பக்கம் கவ்வாத்து (தேயிலைச் செடி கத்தரிக்கும்) மலைகளையும் செடி விட்டுப்போன இடங்களையும் அளக்க நாங்கள் பறக்கவிடும் நுரை விமானத்துக்கு இரண்டாவது வழியைத்தான் எடுத்தோம். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

விலையில் பேச அதிகமில்லை. இரட்டை அலைவரிசை ரிசீவரும் அதற்கான அன்டெனாவும் சேர்ந்தால் பல மடங்கு கூட. 2022இல் ரூபாய் விழுந்த வீழ்ச்சிக்குப் பிறகு வெளியிலிருந்து வரவழைக்கும் எந்தச் சாமானும் இப்படித்தான். எடையும் கொஞ்சம் ஏறும். சரி, அதை விடுவோம்.

புதியதன் பலத்தை மறைக்கக் கூடாது. எல்1 என்ற 1575.42 மெகாஹேர்ட்ஸோடு எல்2 (1227.60) அல்லது எல்5 (1176.45) அலையையும் அது கேட்கும். இரண்டையும் ஒப்பிட்டு, வானின் அயன மண்டலம் (மின்னேற்றம் கொண்ட மேல்வளி) சிக்னலில் உண்டாக்கும் தாமதத்தைக் கழித்துவிடும். இலங்கை காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தத் தாமதம் நமக்குக் கொஞ்சம் அதிகம்தான். எல்5இன் குறியீடு பழைய எல்1 குறியீட்டைவிடப் பத்து மடங்கு வேகமானது. அதனால் பாறைச் சரிவில் பட்டுத் திரும்பும் சிக்னலை நேராக வருவதிலிருந்து நன்றாகவே பிரித்தெடுக்கும். பள்ளத்தாக்கில் பறப்பவர்களுக்கு இது சும்மா பேச்சில்லை.

ஆனால் எங்கள் தொல்லை அதுவல்ல, இரைச்சல். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலேயிருந்து வரும் சிக்னல், தரைக்கு வரும்போது ஒரு வாட்டில் ஏறத்தாழ நூறு கோடி கோடியில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். தேயிலை ஃபெக்டரியில் ரோலர் ஓடும்போது பக்கத்திலிருப்பவர் கிசுகிசுப்பது எவ்வளவு கேட்கும்? அவ்வளவுதான். கமராவின் எச்.டி.எம்.ஐ. கேபிள், யூ.எஸ்.பி. 3 கேபிள், பற்றரி மின்னழுத்தத்தைக் குறைக்கும் சின்ன மின்சுற்று, எல்லாமே இந்த ரோலர் மாதிரி. அவற்றின் இரைச்சல் அகலமாகப் பரவும். எல்1ஐ மூழ்கடிப்பது பெரும்பாலும் எல்2ஐயும் தொடும். மலை மறைப்பைத் தாண்டிப் போகட்டும் என்று 1.3 கிகாஹேர்ட்ஸ் வீடியோ ட்ரான்ஸ்மிட்டர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எல்2க்கு எல்1ஐவிட இன்னும் பக்கத்து வீடு. அதோடு இரட்டை அலைவரிசை வாங்குவது காசைக் கொட்டுவதுதான்.

ஆள் ஏறும் சிறு விமானங்களிலும் இதே பாடம் உண்டு. எந்த ரேடியோவும் தன் அலைவரிசையின் மடங்குகளில் கொஞ்சம் கசியவிடும். விமானி 121.175இல் பேசினால் அதன் 13ஆம் மடங்கும், 131.275இல் பேசினால் 12ஆம் மடங்கும் ஜி.பி.எஸ்ஸின் மடியிலேயே விழும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பொருத்துதல் வழிகாட்டி, இந்த அலைவரிசைகளில் பேசிப் பார்த்துச் சோதிக்கச் சொல்கிறது. அங்கேயும் மருந்து ரேடியோவின் அன்டெனா வழியில் ஒரு ஃபில்டர் போடுவதும், அன்டெனாக்களைத் தள்ளி வைப்பதும்தான்.

நம் ஆட்கள் முதலில் கை காட்டுவது பிதுருதலாகலை மேலிருக்கும் ஒளிபரப்புக் கோபுரத்தை. அப்படியும் நடக்கலாம். யூ.எச்.எஃப். தொலைக்காட்சியில் 525 மெகாஹேர்ட்ஸின் மூன்றாம் மடங்கு எல்1ஐத் தொடும். ஆனாலும் முதலில் தரையிலேயே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ரிசீவர் காட்டும் சிக்னல் வலு (இரைச்சலோடு ஒப்பிட்ட அளவு, அலகு டிபி-ஹேர்ட்ஸ்) 40க்கு மேல் நின்றது, கமராவைப் போட்டதும் முப்பதுக்கு இறங்கினால் கோபுரத்தைத் திட்ட வேண்டியதில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்தால் மே தொடங்கி செப்டெம்பர் வரை பெட்டிக்குள் இருக்கும் சாமானுக்கும் ஈரம் இறங்கும். இரட்டை அலைவரிசை ரிசீவர்கள் பலவற்றில் அன்டெனா தனியாக வரும், நடுவில் கேபிள். போர்டில் கேபிள் மாட்டும் அந்தப் பொட்டு அளவு யூ.எஃப்.எல். இணைப்பான், முப்பது தடவை போலக் கழற்றி மாட்டுவதற்கே செய்யப்பட்டது. வயிற்றால் தரையிறங்கும் விமானத்தில், ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் பிரித்துத் துடைக்க வேண்டிய இடத்தில், அது எத்தனை வருடம் தாங்கும்? பழுதானால் தோட்டத்தில் கிடைக்காது, கண்டியில் கிடைப்பதும் அதிர்ஷ்டம்.

செம்புத் தாளுக்கும் பராமரிப்பு உண்டு, அதுவும் அடிக்கடி. ஈரத்தில் பச்சை பிடிக்கும், பசை உரியும். ஒட்டின் விளிம்பை ஈயம் வைத்துப் பற்றவைத்து, பற்றரியின் மைனஸ் கம்பியோடு சேர்த்து, மேலே நகப்பூச்சு தடவிவிட்டால் ஒரு பருவம் ஓடும். பிறகு கிழித்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு பின்னேர வேலை, சாமானும் ஹட்டன் டவுனிலேயே கிடைக்கும். கமராவை மூடி, கேபிளைச் சுற்றி, ரிசீவரின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தளம் வைப்போம். அன்டெனாவின் மேலே மட்டும் ஒட்டிவிடாதீர்கள், வானம் மறைந்துவிடும். அதைவிடப் பெரிய பலன் தூரத்தில்தான்: கமராவிலிருந்து அன்டெனாவை இரண்டு மடங்கு தள்ளினால் இரைச்சல் கால்வாசியாகும். நுரை ரேடியோவை மறைக்காது, அதனால் இறக்கை முனைக்கே கொண்டுபோகலாம். கார்பன் உடல் என்றால் இந்த வசதி இல்லை. இரைச்சலைத் தடுக்கக் கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையத்தை நம்பாதீர்கள். சாதாரண வளையங்கள் சில நூறு மெகாஹேர்ட்ஸ் வரைதான் உதவும், 1500இல் பெயருக்கு.

இந்த வேலை புதிய ரிசீவர் வாங்கினாலும் தப்பாது, அதனால்தான் முதலில் இதைச் செய்தோம்.

இரட்டை அலைவரிசையை நண்பர் ஒருவரின் விமானத்தில் பண்டாரவளைப் பக்கம் பார்த்ததோடு சரி. அங்கே ஜூலை, ஓகஸ்டில் காய்ந்த காற்று, ஈரத் தொல்லை குறைவு. அங்கே என் கணக்கு தலைகீழாகலாம். யாராவது வேண்டுமென்றே ஜாமர் (சிக்னலைத் தடுக்கும் கருவி) வைத்தால் எது தாக்குப்பிடிக்கும் என்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை. எல்1ஐ மட்டும் அடிக்கும் மலிவு ஜாமர் என்றால் புதியதற்கு ஒரு பிடி இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

மலை எல்லை அளக்கிறவர்கள், சென்டிமீட்டர் கணக்கு வேண்டியவர்கள், தரையில் ஒரு நிலையம் வைத்து வேலை செய்கிறவர்கள் இரட்டை அலைவரிசையே வாங்குங்கள், அதில் பேச்சில்லை. கவ்வாத்து ஏக்கரைக் கணக்கெடுத்து பெரிய தொரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) வரைபடம் கொடுப்பதற்கு ஒற்றை அலைவரிசையின் சில மீட்டர் பிழை தாராளமாகப் போதும். எதைப் போட்டாலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேறு. அவற்றை முடித்த பிறகுதான் கமராக் கேபிளைப் பிரிக்கும் வேலை.