நீச்சல் ஹெட்போன்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிபவை

நீச்சலுக்கென்று ஹெட்போன் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, பாட்டு ஏற்றிக்கொள்ள அதற்குள்ளேயே மெமரி இருக்கிறதா என்பதைத்தான். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகிறது; அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். போனைக் குளக்கரையில் வைத்துவிட்டு இறங்கினால், தலை மேலே இருக்கும்வரை பாடும், முகம் அமிழ்ந்ததும் அறுந்துபோகும். ஷோக்ஸ் நிறுவனத்தின் ஓபன்ஸ்விம் ஹெட்போனில் 4 ஜிபி மெமரி வைத்திருப்பது இதற்காகத்தான். 128 கேபிபிஎஸ் தரத்து எம்பி3 ஃபைல் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, ஆக அறுபது மணி நேரப் பாட்டு தாராளமாகக் கொள்ளும்.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோடு செய்தவை இதில் ஏறாது, தனி ஃபைலாக இருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். இல்லாவிட்டால் பழைய பாட்டு ஈனமாகக் கேட்கும், அடுத்து வரும் புதுப்பாட்டு காதில் அறையும். கை வீசிக்கொண்டிருக்கும்போது பட்டனைத் தடவ முடியாது.

எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகையை வாங்கியவர்கள் பலர், ‘பேஸே (கனத்த அடியொலியே) இல்லை’ என்று ஒரே வாரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் காதடைப்பான் போடாததில் இருக்கிறது. காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள், குரல் தலைக்குள் கனத்து ஒலிக்கும். அதே காரணத்தால்தான் சிலிக்கான் காதடைப்பான் போட்டதும் மிருதங்கத்தில் இடக்கை வாசிக்கும் தொப்பிப் பக்கத்தின் கனத்த ஒலிகூடத் தெளிவாக வந்துவிடுகிறது. காதுக்குள் செருகும் வகையில் கதை வேறு. அடைப்பைத் தாண்டி ஒரு சொட்டு புகுந்தாலே அந்தப் பக்கம் மங்கிவிடும். சரியான அளவு ரப்பர் கிடைக்கும்வரை மாற்றி மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

எலும்பு வழி வகையை மாட்டும் முறை: ஒலி வரும் வட்டம் காதுத் துளைக்குச் சற்று முன்னால், எலும்பின்மேல் உட்கார வேண்டும். அதன்மேல் நீச்சல் தொப்பியின் ஓரத்தை இழுத்துவிட்டால் சுவரை உதைத்துத் திரும்பும்போதும் நகராது. நீச்சல் கண்ணாடியின் பட்டை ஹெட்போனின் பின்கம்பிக்கு மேலே போகட்டும். மூச்சுக்குமிழி இரைச்சலில் மெல்லிய வீணை ஆலாபனை கரைந்துபோகும், தாளம் அழுத்தமான பாட்டு தாக்குப்பிடிக்கும்.

நாள்பட்ட பயன்பாட்டில் பலருக்கும் முதலில் காலை வாருவது சார்ஜிங் பின்தான். ஈரத்தோடு சார்ஜிங் கிளிப்பை மாட்டினால் பின்களுக்கிடையே உள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து முலாமை அரிக்கும். கடுகளவு பச்சைப்புள்ளி ஒன்று தெரியும், பிறகு சார்ஜ் விட்டுவிட்டு ஏறும், கடைசியில் ஏறவே ஏறாது. புள்ளி தெரிந்தவுடன் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தால் காப்பாற்றலாம். குளத்திலிருந்து ஏறியதும் குழாய்த் தண்ணீரில் அலசி, உதறி, துடைத்து, நிழலில் ஒரு மணி நேரமாவது காயவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். கடலில் போட்டுக்கொண்டு இறங்கினால் அலசுவதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. உப்பு காய்ந்து இடுக்கில் படிந்துவிடும். கடலில் போடுவதே நல்லதில்லை என்பது எங்கள் கருத்து. படகு வரும் ஓசையும் உயிர்காப்பாளர் விசிலும் காதில் விழ வேண்டிய இடம் அது.

இன்னொன்று: தூசியும் தண்ணீரும் புகாது என்று சொல்லும் ஐபி68 என்ற தரம் புது ஹெட்போனைச் சாதாரண நன்னீரில் சோதித்துக் கொடுத்தது. சோப்பு நுரைக்கும் வெந்நீருக்கும் அது உத்தரவாதம் இல்லை. குளித்துமுடிக்கும் ஷவருக்குப் போகும் முன் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள்.