வீட்டில் தைக்கிற துணிக்கு லேபிள்: தைப்பதா, ஒட்டுவதா, தையலுக்குள் விடுவதா?

ஆனித் தேர் நெருங்கிவிட்டால் பாளையங்கோட்டையில் என் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. பாவாடை சட்டை, ஜபலா, கடைசி நேரத்தில் வந்து நிற்கிற ஃபிராக் என்று துணி குவிந்து கிடக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித் தைத்துக் கொடுத்த ஒரு சட்டையோடு பிள்ளையின் அம்மா மறுநாளே வந்தாள். "எக்கா, லேபிள் குத்துதுன்னு பிள்ளை ஒரே அழுகை, கழுத்தைப் பாருங்க" என்றாள். பின்கழுத்தில் சின்னதாக இரண்டு சிவப்புக் கோடு, லேபிளின் இரண்டு முனைக்கும் நேராக. அதற்கப்புறம் கையில் கிடைக்கிற லேபிள் ஒவ்வொன்றையும் தைத்து, துவைத்து, பார்த்துத்தான் பயன்படுத்துகிறேன்.

குத்தியது நெய்த லேபிள். அழகு என்று பார்த்தால் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, பெயரே நூலில் ஓடுவதால் சட்டை கிழிகிற வரை எழுத்து அழியாது. ஆனால் அது பெரும்பாலும் பாலியெஸ்டர். நீளமான ரிப்பனாக நெய்து சூட்டில் வெட்டுவார்கள், வெட்டின ஓரம் உருகி இறுகிவிடும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள், மீன் செதில் மாதிரி உரசும். அதனால் திருப்பூரில் ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு முனையும் உள்ளே மடித்துத் தரச் சொல்லுங்கள். நேராக வெட்டினது ஏற்கெனவே கையில் இருந்தால் நீங்களே கால் அங்குலம் மடித்து அயர்ன் செய்துவிட்டுத் தையுங்கள்.

சாட்டினில் அச்சடித்தது விலை குறைவு, தொட்டால் வழவழப்பு. ஆனால் துவைகல்லில் அடித்துத் துவைக்கிற வீட்டில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். அளவு, துவைக்கிற முறை எழுத அது போதும்.

கைப்பிள்ளை துணிக்கு நான் தேர்ந்தெடுப்பது காட்டன் நாடாதான், வேறு எதற்கும் மனசு வராது. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். ஒரே ஒரு வேலை இருக்கிறது, வெட்டுவதற்கு முன்னால் நாடாவை நனைத்துக் காயவைத்து அயர்ன் செய்ய வேண்டும். அதை விட்டால் முதல் சலவையிலேயே நாடா சுருங்கி, சுற்றியுள்ள துணியையும் சேர்த்து இழுத்துவிடும்.

அயர்ன் பண்ணி ஒட்டுகிற லேபிளைப் பலர் விரும்புவது ஊசி நூல் வேண்டாம் என்பதற்காக. மேலே ஒரு துணி போட்டு, பெட்டியைத் தேய்க்காமல் அப்படியே அழுத்தி, முழுசாக ஆறின பிறகு தொட்டால் வழவழப்பான காட்டனில் நன்றாகவே பிடிக்கும். சொரசொரப்பான கைத்தறித் துணியில் அவ்வளவு பிடிக்காது. அடித்துப் பிழிந்து துவைத்தால் முதலில் மூலைகள் எழும்பும், அப்புறம் அந்தப் பசையில் அழுக்கு ஒட்டும். எழும்பின மூலையைத் தைக்கப் போனால் பசை ஊசியில் ஏறி நூல் அறுகிறது. பள்ளி யூனிஃபார்மில் பெயர் ஒட்ட இது சரி, காசு வாங்கித் தைத்துக் கொடுக்கிற சட்டையில் நான் ஒட்ட மாட்டேன்.

இனி எங்கே தைப்பது. கழுத்தில்தான் வேண்டும் என்றால் சட்டையை முடிப்பதற்கு முன்பே, உள்பக்கம் வரும் பட்டியில் லேபிளைத் தைத்துவிட்டு, அதற்கப்புறம் பட்டியைக் கழுத்தோடு சேருங்கள். வெளியே ஒரு தையல்கூடத் தெரியாது. முடித்த சட்டையில் தைத்தால் மெல்லிய துணியில் அந்தச் சதுரம் முதுகில் அப்படியே தெரியும், கீழ்நூல் சுற்றுகிற பாபினில் துணி நிறத்திலேயே நூல் போட்டாலும் மறையாது. பனியன் துணியில் நாலு பக்கமும் அடிக்காதீர்கள். துணி இழுபடும், லேபிள் இழுபடாது. இரண்டு முனையில் மட்டும் அடித்தால் போதும்.

என் ஓட்டு பக்கத் தையலுக்குத்தான். நாடாவை இரண்டாக மடித்து, வெட்டின ஓரம் துணி ஓரத்தோடு சேர, மடிப்பு சட்டைப் பக்கம் பார்க்க வையுங்கள். நல்ல பக்கங்களைச் சேர்த்து வைக்கிற இரண்டு துணிக்கும் நடுவில் வைத்தால் லேபிள் வெளியே வரும், அந்த இரண்டுக்கும் மேலே வைத்தால் உள்ளே போகும். இதில்தான் பலருக்குக் குழப்பம் வருகிறது, முதலில் ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பாருங்கள். பிள்ளை துணிக்கு நான் வெளியே விடுகிறேன், உடம்பில் படாது.

இன்னொன்று. வீரவநல்லூர் கைத்தறித் துணியில் தைக்கிறவர்கள், சேலையில் இருக்கிற கைத்தறி முத்திரை லேபிளை வெட்டி எடுத்து சட்டையில் தைக்காதீர்கள். 2006-இல் வந்த அந்த முத்திரை பதிவு செய்தவர்களுக்குத்தான் தரப்படுகிறது.

குத்தின அந்தச் சட்டையின் கழுத்தைப் பிரித்து லேபிளை எடுத்தேன், இடது பக்கத் தையலில் காட்டன் நாடா விட்டுக் கொடுத்தேன். இந்த வருடத் தேருக்கு அதை அந்தப் பிள்ளையின் தங்கச்சி போட்டிருந்தாள்.